உதவும் கையும் கேட்கும் காதும்



எங்கள் சமூக சேவைக் குழுவினர் சனிக்கிழமைதோறும் அருகிலுள்ள குடியிருப்புகளுக்குச் சென்று வருவதை நீங்கள் அறிவீர்கள். இவ்வாண்டின் முதற் பயணத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். கூறுவதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதைக் கூறாவிட்டால் இக்கட்டுரை பிறந்த காரணம் விளங்காது.

அன்று நாற்பது சோப்புக் கட்டிகளையும், வண்ண அட்டைகளில் அழகாக எழுதிய சுகாதார விதிகளையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அங்கிருந்த பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தோம். தினமும் குளிக்க வேண்டும், துணிகளைத் துவைத்து உடுத்த வேண்டும், அடிக்கடி கை கழுவ வேண்டும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினோம். பிள்ளைகளும் கைதட்டினார்கள். நாங்கள் பெருமையோடு கிளம்பும் வேளையில், திண்ணையோரம் அமர்ந்திருந்த ஓர் ஆயா எங்களில் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏங் கண்ணு, சோப்பு குடுத்தீங்க, நல்லா இருங்க. ஆனா இங்க தண்ணி மூணு நாளைக்கு ஒருவாட்டிதான் வருது. அந்த ரெண்டு கொடத்துல குடிக்கிறதா, குளிக்கிறதா? அத மொதல்ல யாராச்சும் கேட்டீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. பள்ளிக்குத் திரும்பி நடந்ததைச் சிஸ்டரிடம் கூறினோம். அவர்கள் கோபிக்கவில்லை. "நீங்கள் போன நோக்கம் நல்லதுதான். ஆனால் நல்ல நோக்கம் மட்டும் போதுமா? தங்களிலிருந்து வேறுபட்டு வாழும் மக்களுக்கு உதவப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று படித்து வாருங்கள். கனடா நாட்டிலிருந்து தொடங்குங்கள்" என்றார்கள். பல வாரங்கள் படித்தோம். படித்தவற்றில் சில நம் மனத்தை வருத்துவன. நம் திருச்சபையையே தொடுவனவும் உண்டு. அவற்றை மறைக்காமல் எழுதும்படி சிஸ்டரே எங்களுக்குச் சொன்னார்கள்.

ஆரஞ்சு நிறச் சட்டை

பள்ளி திறக்கும் நாளில் புத்தாடை அணிவதில் எத்தனை மகிழ்ச்சி! 1973-ஆம் ஆண்டு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பிலிஸ் வெப்ஸ்டாட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கும் அந்த மகிழ்ச்சி இருந்தது. அவள் அந்நாட்டின் தொல்குடி மக்களைச் சேர்ந்தவள், பாட்டியிடம் வளர்ந்தவள். பாட்டி அவளுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு புதுச் சட்டை வாங்கித் தந்தார். அதை அணிந்துகொண்டு அவள் வில்லியம்ஸ் லேக் என்னும் ஊருக்கு அருகில் இருந்த உறைவிடப் பள்ளிக்குப் போனாள். சேர்ந்த அன்றே அவளுடைய ஆடைகளைக் களைந்துவிட்டார்கள். அந்த ஆரஞ்சு நிறச் சட்டை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

வளர்ந்தபின் அவர் இதை வெளியில் சொன்னார். 2013 முதல் கனடா மக்கள் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சு நிறச் சட்டை அணிகிறார்கள். 2021 முதல் அந்த நாள், உண்மைக்கும் நல்லிணக்கத்துக்கும் உரிய தேசிய நாளாகவும் இருக்கிறது.

ஒரு சட்டைக்காக ஒரு நாடே நினைவுநாள் கொண்டாடுமா என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சட்டையின் பின்னால் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகளின் கதை இருக்கிறது. 1880-களிலிருந்து 1990-கள் வரை கனடா அரசு பணம் தர, கிறிஸ்தவச் சபைகள் இத்தகைய உறைவிடப் பள்ளிகளை நடத்தின. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை கத்தோலிக்கப் பொறுப்பில் இருந்தன. பிலிஸ் போன பள்ளியும் கத்தோலிக்க மறைபணியாளர் தொடங்கியதே. அங்கே பிள்ளைகளின் நீண்ட கூந்தலை வெட்டினார்கள். தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அண்ணனையும் தங்கையையும் பிரித்து வைத்தார்கள். பசி, நோய், கொடுமை ஆகியவற்றால் வீடு திரும்பாமலே இறந்தவர்கள் பலர். இறந்த பிள்ளைகளாக இதுவரை 4,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடாவுக்குச் சென்றார்கள். அதை மன்னிப்புக் கோரும் திருப்பயணம் என்றே அவர்கள் குறிப்பிட்டார்கள். ஜூலை 25 அன்று ஆல்பர்ட்டா மாகாணத்தின் மஸ்குவாச்சிஸ் என்னுமிடத்தில், தொல்குடி மக்களின் முன்னிலையில், கிறிஸ்தவர் பலர் செய்த தீமைக்காக மன்னிப்பு வேண்டினார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு முதுமையிலும் அவர்கள் செய்த அப்பயணம் நமக்கு ஒரு பாடம். தவற்றை ஒப்புக்கொள்வதால் திருச்சபையின் மாண்பு குறையாது என்பதே அப்பாடம்.

பள்ளிக்குப் பின் வந்த அலுவலகம்

1950-களுக்குப் பின் உறைவிடப் பள்ளிகள் மெல்லக் குறையத் தொடங்கின. ஆனால் பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் குறையவில்லை. அது சமூகப் பணியாளர்களின் கைக்கு மாறியது.

1951-இல் கனடாவின் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். அதன்பின் மாகாணங்களின் குழந்தை நல அலுவலகங்கள் தொல்குடியினரின் குடியிருப்புகளுக்குள்ளும் பணியாற்றத் தொடங்கின. அங்கே சென்ற சமூகப் பணியாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். நகரத்தில் வளர்ந்து கல்லூரியில் பயின்றவர்கள். அம்மக்களின் மொழியையோ உறவுமுறையையோ அறியாதவர்கள். சிறிய வீட்டில் பலர் சேர்ந்து வாழ்வதைக் கண்டார்கள். பிள்ளைகளைத் தாய் அன்றிப் பாட்டியோ பெரியம்மாவோ வளர்ப்பதைக் கண்டார்கள். வறுமையைக் கண்டார்கள். "இக்குழந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடக்கிறார்கள்" என்று கோப்பில் எழுதினார்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று வெள்ளையர் குடும்பங்களில் வளர்க்கவும் தத்துக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1967-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, தொல்குடிப் பிள்ளைகளைத் தத்தெடுக்க வருமாறு செய்தித்தாள்களிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்தார்கள்.

1960-களிலிருந்து 1980-கள் வரை இவ்வாறு பிரிக்கப்பட்டவர்கள் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போனவர்களும் உண்டு. வளர்ப்புப் பெற்றோர் பலர் உண்மையான அன்பு காட்டினார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் தம் பெயரையும் மொழியையும் உடன்பிறந்தாரையும் இழந்தார்கள். கண்ணாடியில் தெரியும் முகம் எந்தக் குலத்துக்கு உரியது என்பதே தெரியாமல் வளர்ந்தவர்கள் பலர்.

அளவுகோல் யாருடையது?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தப் பணியாளர்கள் கொடியவர்களா? பலர் அல்லர். குழந்தைகளுக்கு நல்ல வாழ்வு தர விரும்பியவர்களே அவர்கள். பிழை அவர்கள் எடுத்துச் சென்ற அளவுகோலில் இருந்தது.

ஒரு குழந்தைக்குத் தனி அறை, தனிப் படுக்கை, தாய் தந்தையர் இருவர் மட்டும் உள்ள வீடு – இவையே நல்ல குடும்பத்தின் அடையாளம் என்பது அவர்கள் கற்றது. தொல்குடி மக்களிடையே குழந்தை ஊருக்கே உரியது. தாய் வேட்டைக்கோ வேலைக்கோ சென்றால் பாட்டி வளர்ப்பாள். பாட்டி இல்லையேல் சித்தி வளர்ப்பாள். பணியாளரின் கண்ணுக்கு அது "தாய் கைவிட்ட குழந்தை." ஊராரின் கண்ணுக்கு அது பத்துப் பேர் தாங்கும் குழந்தை. தோழியரே, நம்முள் எத்தனை பேர் பாட்டியின் அருகில் பாயில் படுத்துறங்கி வளர்ந்தவர்கள்! அந்த அலுவலர் நம் வீட்டுக்கு வந்திருந்தால் தம் கோப்பில் என்ன எழுதியிருப்பார்?

மானிட்டோபா மாகாணத்தில் நீதிபதி எட்வின் கிமெல்மன் தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்தது. தத்தாக மாகாணத்துக்கு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாருமே தொல்குடியினர் என்று அக்குழு கண்டது. அந்த உண்மையை அலுவலகத்தில் ஒருவருமே முழுமையாக உணர்ந்திருக்கவில்லை! ஒவ்வொருவரும் தம் மேசைக்கு வந்த ஒரு கோப்பை மட்டுமே பார்த்தார்கள். எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் பார்க்க எவருமில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாயினும் இது ஒரு பண்பாட்டையே அழிக்கும் செயல் என்று 1985-இல் அந்த நீதிபதி தம் அறிக்கையில் எழுதினார்.

இனப்பாகுபாடு என்றதும் ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசுவதையும் அடிப்பதையும் மட்டுமே நாம் நினைக்கிறோம். இதைப் படித்தபின் எங்களுக்கு வேறொன்று விளங்கியது. ஒருவரையும் வெறுக்காத நல்ல மனிதர்கள் நிறைந்த அலுவலகத்திலும் இனப்பாகுபாடு குடியிருக்கலாம். அது விதிகளிலும் படிவங்களிலும் "இதுதான் சரி" என்னும் பழக்கத்திலும் ஒளிந்திருக்கும். ஆகவே, "நான் யாரையும் வெறுப்பதில்லை" என்று சொல்லி ஒரு சமூகப் பணியாளர் ஓய்ந்துவிட முடியாது.

சிறுவன் ஜோர்டன்

பண வரவு செலவிலும் பாகுபாடு உண்டு. ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் என்னும் சிறுவன் 1999-இல் மானிட்டோபாவில் பிறந்தான். அவன் நார்வே ஹவுஸ் என்னும் ஊரின் கிரீ இனத்தைச் சேர்ந்தவன். பிறவியிலேயே கடும் நோயுற்றவன். இரண்டு வயதில், வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கலாம் என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். ஆனால் அந்தப் பராமரிப்புச் செலவை ஏற்க வேண்டியது மத்திய அரசா, மாகாண அரசா என்று இருதரப்பும் வாதாடிக்கொண்டிருந்தன. வேறு குழந்தையாயின் இந்தக் கேள்வியே எழுந்திராது. தொல்குடிக் குழந்தையாதலால் எழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவன் தேவையின்றி மருத்துவமனையிலேயே கிடந்தான். 2005-இல், ஐந்து வயதில், ஒருநாள்கூடத் தன் வீட்டில் தங்காமலே இறந்தான்.

2007 டிசம்பரில் கனடாவின் நாடாளுமன்றம் அவன் பெயரால் ஒரு நெறியை ஏற்றது. முதலில் குழந்தைக்கு உதவி, யார் பணம் தருவது என்ற வழக்கு பிறகு என்பதே அந்நெறி. அதே ஆண்டில் சிண்டி பிளாக்ஸ்டாக் என்னும் பெண்மணியின் அமைப்பும் தொல்குடியினரின் தேசியப் பேரவையும் சேர்ந்து, மனித உரிமைத் தீர்ப்பாயத்தை நாட முறையிட்டன. அப்பெண்மணி கிட்சான் என்னும் தொல்குடியைச் சேர்ந்தவர். தாமே ஒரு சமூகப் பணியாளர். தொல்குடிக் குழந்தைகளின் நலனுக்கு அரசு குறைவாகப் பணம் ஒதுக்குவது இனப்பாகுபாடே என்பது அவர்களின் வாதம். ஒன்பது ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2016 ஜனவரியில் தீர்ப்பாயம் அவர்கள் வாதத்தை ஏற்றது. பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் 2,300 கோடிக் கனடா டாலருக்கும் மேற்பட்ட இழப்பீடு வழங்கும் உடன்பாட்டை 2023-இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பொறுமையோடு கோப்புகளைப் படித்து, கணக்குப் போட்டு, நீதி கேட்பதும் சமூகப் பணியே என்பதை இவ்வழக்கு எங்களுக்குக் கற்றுத் தந்தது.

2019-இல் கனடாவின் சமூகப் பணியாளர் சங்கமே தம் தொழிலின் பழைய தவறுகளுக்காக மன்னிப்புக் கேட்டது. 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், வறுமையையோ வீட்டு வசதியின்மையையோ மட்டும் காரணமாகக் காட்டித் தொல்குடிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிரிக்க நேர்ந்தாலும் முதலில் உறவினரிடமும், அடுத்து அதே சமூகத்தாரிடமும் ஒப்படைக்க முயல வேண்டும் என்கிறது. ஆயினும் புண் இன்னும் ஆறவில்லை. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கனடாவில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் தொல்குடியினர் 7.7 விழுக்காடு மட்டுமே. வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த அவ்வயதுக் குழந்தைகளிலோ அவர்கள் 53.8 விழுக்காடு!

அறையை விட்டு வெளியேறிய அதிகாரிகள்

தவற்றைக் கண்டபின் வேறு வழியைத் தேடிய நாடு ஒன்றையும் காண்போம். நியூசிலாந்தின் தொல்குடியினர் மாவோரி மக்கள். அவர்களின் பிள்ளைகளும் பெருந்தொகையாக அரசு இல்லங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். இதை ஆராய ஜான் ராங்கிஹாவ் என்னும் மாவோரிப் பெரியவரின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழு ஊர் ஊராகச் சென்று மாவோரி மக்களின் கூடங்களில் அமர்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டது. 1986-இல் அது அளித்த அறிக்கையின் மாவோரிப் பெயருக்கு "விடியல்" என்பது பொருள். சமூக நலத் துறையின் அமைப்பிலேயே இனப்பாகுபாடு ஊறியிருக்கிறது என்று அவ்வறிக்கை ஒளிக்காமல் சொன்னது.

அதன் பயனாக 1989-இல் ஒரு புதிய சட்டம் பிறந்தது. அதன்படி, ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் குடும்பக் கூட்டம் ஒன்றைக் கூட்டுகிறார்கள். தாய், தந்தை மட்டுமல்லர். தாத்தா, பாட்டி, மாமா, அத்தை எல்லாரும் வருகிறார்கள். சமூகப் பணியாளர் தமக்குத் தெரிந்ததை எல்லார் முன்னும் கூறுகிறார். பிறகு அதிகாரிகள் அறையை விட்டு வெளியே போய்விடுகிறார்கள்! குடும்பத்தார் தமக்குள் பேசி, குழந்தையை யார் வளர்ப்பது, எப்படிக் காப்பது என்று திட்டம் வகுக்கிறார்கள். அதிகாரிகள் திரும்பி வந்து, அத்திட்டம் குழந்தைக்குப் பாதுகாப்பானதா என்று பார்த்து ஒப்புக்கொள்கிறார்கள். இம்முறை பின்னர் வேறு பல நாடுகளுக்கும் பரவியது. இதனால் எல்லாக் குறைகளும் அங்கே தீர்ந்துவிட்டன என்று சொல்ல முடியாது. ஆனாலும் முடிவெடுக்கும் இடத்தில் குடும்பத்துக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

அதே நாட்டில் இரிஹாபெத்தி ராம்ஸ்டன் என்னும் மாவோரிச் செவிலியர் மற்றொரு கருத்தை வளர்த்தார். உதவி மரியாதையாகவும் பாதுகாப்பாகவும் இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், உதவி செய்தவர் அல்லர். உதவி பெற்றவரே என்பது அவர் கருத்து. எங்கள் ஆயா கேட்டதும் இதைத்தான்.

நாம் கொள்ள வேண்டிய பாடங்கள்

முதலாவது: சொல்வதற்கு முன் கேட்க வேண்டும். "உங்களுக்கு என்ன வேண்டும்? நீங்களே என்ன செய்து பார்த்தீர்கள்?" என்பவையே முதற் கேள்விகள்.

இரண்டாவது: வேறுபாட்டைக் குறையென்று எண்ணக் கூடாது. நாம் உண்ணாததை உண்பவர், நாம் பேசாத விதத்தில் பேசுபவர், நாம் வணங்காத முறையில் வணங்குபவர் எல்லாரும் அறியாமையில் வாழ்பவர் அல்லர்.

மூன்றாவது: வறுமை வேறு, கவனிப்பின்மை வேறு. வறுமைக்கு மருந்து தண்ணீரும் கூலியும் வீடுமாகும். வறியவர்க்கு அறிவுரை மட்டும் கூறுவது தாகத்துக்குச் சோப்புக் கொடுப்பதாகும்.

நான்காவது: பண்பாட்டைக் காரணங்காட்டிக் கொடுமையை மூடி மறைக்கவும் கூடாது. அடிபடும் குழந்தை எக்குலத்ததாயினும் காக்கப்பட வேண்டும். ஆனால் அதைக் காக்கும்போதும் அதன் பெயரையும் மொழியையும் உறவையும் சேர்த்தே காக்க வேண்டும்.

நல்ல சமாரியரின் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இம்முறை படித்தபோது ஒன்று புதிதாகத் தோன்றியது. அடிபட்டுக் கிடந்தவரை அந்த வேற்றினத்தார் தூக்கிச் சென்றார், புண்ணைக் கட்டினார், செலவுக்குப் பணமும் கொடுத்தார். "நீ முதலில் என்னைப் போல் ஆகிவிடு" என்று அவர் ஒரு நிபந்தனையும் விதிக்கவில்லை.

நம் விடுதிக்குப் புதிதாக வரும் தங்கையின் பேச்சைக் கேட்டுச் சிரித்த நாட்கள் நமக்கு உண்டு. அவள் கொண்டுவந்த பலகாரத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்த நாட்களும் உண்டு. அவளும் தன் ஆரஞ்சு நிறச் சட்டையோடுதான் வருகிறாள். அதை நாம் பறிக்காமல் இருப்போமா?

மீண்டும் நாங்கள் அந்தக் குடியிருப்புக்குச் சென்றோம். இம்முறை அட்டைகளைக் கொண்டு போகவில்லை. வெறும் தாளும் பேனாவும் மட்டும். ஆயாவும் மற்றப் பெண்களும் சொல்லச் சொல்லத் தண்ணீருக்கான மனுவை எழுதினோம். "எங்க பேச்சுல சொன்னத அப்படியே எழுது கண்ணு, மாத்தாத" என்றார் ஆயா. அப்படியே எழுதினோம். மனுவை அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை விடுவதில்லை என்று ஆயா சொல்லியிருக்கிறார். உடன் செல்வோம் என்று நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் வீட்டில் உங்களை வளர்த்தவர்கள் யார் யார்? அவர்களை எல்லாம் ஓர் அலுவலகப் படிவத்தில் எழுத இடம் இருக்குமா?

2. "நான் யாரையும் வெறுப்பதில்லை" என்று கூறும் ஒருவர் தம்மை அறியாமல் பாகுபாடு செய்ய முடியுமா? எடுத்துக்காட்டுத் தருக.

3. நீங்கள் கடைசியாக ஒருவருக்கு உதவியபோது, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டீர்களா?